வாக்கி டாக்கி வாங்கும் முன் ஒரு ரிசீவர் கட்டுங்கள்: இருவழிக் குரல் ரேடியோ, அடிப்படையிலிருந்து

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று காலையில் வைகைக் கரையில் நின்று போன் பேச முயன்றவர்களுக்குத் தெரியும், டவர் கட்டம் கட்டமாக நிறைந்திருக்கும், கால் மட்டும் போகாது. பக்கத்தில் நிற்கும் போலீஸ்காரர் கையிலுள்ள செட் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். போனுக்கு நடுவில் ஒரு டவர் வேண்டும், அந்த டவரை லட்சம் பேர் பங்கு போட வேண்டும். வயர்லெஸ் செட் நேராக இன்னொரு செட்டோடு பேசிவிடும், அல்லது தனக்கென்றே வைத்த ஒரு ரிப்பீட்டர் (கேட்டதை உடனே திருப்பி அனுப்பும் நிலையம்) வழியாகப் பேசும்.

இதைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிற பலர் முதல் வேலையாக ஆன்லைனில் ஒரு சீன வாக்கி டாக்கி ஆர்டர் போடுகிறார்கள். வேண்டாம். சட்டச் சிக்கல் ஒரு பக்கம் (அதைக் கீழே சொல்கிறேன்), பட்டனை அமுக்கிப் பேசுவதால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றுமே தெரிந்துகொள்ள முடியாது என்பது இன்னொரு பக்கம். என் கட்சி இதுதான்: முதலில் கேட்கிற பக்கத்தைக் கட்டுங்கள், பேசுகிற பக்கம் அப்புறம். ரிசீவர் ஒழுங்காகக் கட்டத் தெரிந்தவருக்கு டிரான்ஸ்மிட்டரில் பாதி வேலை முடிந்த மாதிரி, ஏனென்றால் இரண்டிலும் இருப்பது ஏறக்குறைய அதே சாமான்கள்தான்.

முதலில், குரல் எப்படிப் போகிறது

நம் பேச்சு புரிவதற்கு 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை இருந்தால் போதும். ஆனால் அவ்வளவு குறைந்த அதிர்வெண்ணை நேராக ஆன்டெனாவில் விட முடியாது, விட்டால் ஆன்டெனா பல கிலோமீட்டர் நீளம் வேண்டும். அதனால் ஒரு உயர் அதிர்வெண் அலையை (கேரியர்) உண்டாக்கி, அதன் மேல் குரலை ஏற்றி அனுப்புகிறோம். அலையின் உயரத்தைக் குரலுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்தால் ஏஎம். அதிர்வெண்ணை லேசாக அசைத்தால் எஃப்எம். ஏஎம்மில் கேரியருக்கு இரண்டு பக்கமும் ஒரே குரல்தான் இருக்கிறது, நடுவில் உள்ள கேரியரில் குரலே இல்லை, எதற்கு இதெல்லாம் என்று ஒரு பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டால் எஸ்எஸ்பி. ஏஎம்முக்கு சுமார் 6 கிலோஹெர்ட்ஸ் இடம் பிடிக்கும், எஸ்எஸ்பிக்கு 3-க்குள் முடிந்துவிடும், சக்தியும் வீணாகாது. அதனால்தான் தொலைதூரம் பேசும் ஹாம்கள் (லைசென்ஸ் எடுத்துப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள்) எஸ்எஸ்பியை விடுவதில்லை. கையில் வைத்துப் பேசும் செட்கள் எஃப்எம். சத்தம் சுத்தமாக இருக்கும், ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பலமான சிக்னல் மற்றதை முழுங்கிவிடும். விமானங்கள் இன்னும் ஏஎம்மிலேயே பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே இரண்டாவது ஆள் குறுக்கே பேசினால் கீச்சென்றாவது தெரிய வேண்டும்.

செட்டுக்குள் பாதை இது: மைக், அதன் பின்னால் சின்ன ஆம்ப்ளிஃபயர், அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர், குரலை ஏற்றும் மாடுலேட்டர், பவர் ஆம்ப்ளிஃபயர், ஃபில்டர், ஆன்டெனா. கேட்கும்போது ஆன்டெனாவிலிருந்து திரும்பி வந்து ஸ்பீக்கரில் முடியும். ஒரே ஆன்டெனாவை இரண்டு பக்கமும் பங்கு போடுகின்றன, பிடிடி (அமுக்கிப் பேசும்) பட்டன்தான் எந்தப் பக்கம் என்று மாற்றுகிறது. அதனால் நீங்கள் பேசும்போது எதிராளி பேசுவது உங்களுக்குக் கேட்காது.

சாமான்கள்: கடையில் என்ன கேட்பது

டவுன்ஹால் ரோடு பக்கம் உள்ள எலக்ட்ரானிக்ஸ் ஸ்பேர் கடைகளில் முக்கால்வாசி கிடைத்துவிடும். ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், வாயால் சொன்னால் கூட்ட நேரத்தில் கடைக்காரர் எதையாவது எடுத்துப் போட்டுவிடுவார்.

ரெசிஸ்டரில் பெரிதாக ஒன்றும் இல்லை. பழுப்பு, கருப்பு, சிவப்பு என்றால் 1 கிலோ ஓம். மஞ்சள், ஊதா, ஆரஞ்சு என்றால் 47 கிலோ ஓம். கடைசித் தங்கக் கோடு 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம் என்பதற்கு. கால் வாட் எல்லாவற்றுக்கும் போதும்.

கண்டன்சரில்தான் கவனம் வேண்டும். 104 என்று போட்டிருந்தால் 10-க்குப் பின்னால் நான்கு சைபர், பிகோஃபாரட் கணக்கில், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். 103 அதில் பத்தில் ஒன்று. எலக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ், மாற்றிப் போட்டால் வெடிக்கும். 12 வோல்ட் சர்க்யூட்டில் 25 வோல்ட் கண்டன்சர் போடுங்கள், 16 வோல்ட் போதும் என்பார்கள், நம் ஊர் மே மாத ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் அது சீக்கிரம் காய்ந்துபோகும். ஆசிலேட்டரில் மட்டும் சாதாரண செராமிக் வட்டு வேண்டவே வேண்டாம், அது சூட்டுக்கு மதிப்பு மாறும். என்பிஓ வகை அல்லது பாலிஸ்டைரீன் என்று கேட்டு வாங்குங்கள்.

காயிலை நாமே சுற்ற வேண்டியதுதான். எனாமல் கம்பிக்கு எலக்ட்ரானிக்ஸ் கடையைவிட மோட்டார் காயில் கட்டுகிற ரீவைண்டிங் கடை நல்லது, எடை போட்டுத் தருவார்கள், 28 கேஜ் கொஞ்சம் வாங்கினால் நெடுநாள் வரும். காயிலும் கண்டன்சரும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் எதிரொலிக்கும், ஸ்டேஷன் பிரிப்பது முழுக்க இந்த ஜோடி செய்யும் வேலை. மதுரை வானொலியின் 1269 கிலோஹெர்ட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்: 100 பிகோஃபாரட் கண்டன்சருக்கு ஏறக்குறைய 157 மைக்ரோஹென்ரி காயில் வேண்டும். அதே 100 பிகோஃபாரட்டோடு 5 மைக்ரோஹென்ரி வைத்தால் 7.1 மெகாஹெர்ட்ஸுக்குப் போய்விடும், அது ஹாம்களின் 40 மீட்டர் பேண்ட் (அலைநீளத்தை வைத்து வந்த பெயர்). அந்த 5 மைக்ரோஹென்ரிக்கு டி50-2 என்ற சிவப்பு நிற டொராய்டு வளையத்தில் 32 சுற்று. வளையத்தின் நடு ஓட்டைக்குள் கம்பி ஒரு தடவை நுழைந்தாலே ஒரு சுற்று, வெளியே வந்து திரும்பி நுழைந்தால் இரண்டு. இந்தக் கணக்கில் ஒன்று தவறினாலும் அதிர்வெண் நகர்ந்துவிடும். கம்பி முனையை பிளேடால் நன்றாகச் சுரண்டி, ஈயம் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பற்ற வையுங்கள். எனாமல் மேலேயே ஈயம் உருண்டை கட்டி நிற்கும், பார்க்க நல்ல ஜாயின்ட் மாதிரி இருக்கும், உள்ளே தொடர்பே இருக்காது.

டிரான்சிஸ்டரில் பிசி547 ஒரு டஜன் வாங்கி வையுங்கள். தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருந்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். இதே உருவத்தில் வரும் 2என்3904-க்கு வரிசை தலைகீழ்: எமிட்டர், பேஸ், கலெக்டர். கடையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கொடுத்தால் வாங்கலாம், காலை மாற்றிப் போட மறக்கக் கூடாது. மல்டிமீட்டரில் டயோடு குறியில் வைத்து பேஸிலிருந்து மற்ற இரண்டு காலுக்கும் 0.6, 0.7 என்று காட்டினால் நல்ல உருப்படி.

கட்டும் விதம்: பிரெட்போர்டு (பற்ற வைக்காமல் கால்களைச் செருகும் பலகை) ஆடியோவுக்குச் சரி. மெகாஹெர்ட்ஸ் கணக்கில் போனால் அதன் வரிசைகளுக்கு இடையே உள்ள கெப்பாசிட்டன்ஸே சர்க்யூட்டைக் கெடுத்துவிடும். வெறும் காப்பர் போர்டு ஒரு துண்டு வாங்கி, அதையே கிரவுண்டாக வைத்து, கிரவுண்டுக்குப் போகும் கால்களை அதன் மேலேயே பற்ற வைத்து, மற்றவற்றை அந்தரத்தில் சேருங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும். 25 வாட் சால்டரிங் அயன், 60/40 ஈயம் போதும். தகரத்துக்கு வைக்கும் ஆசிட் ஃபிளக்ஸ் பக்கமே போகாதீர்கள், அரித்துவிடும்.

படி ஒன்று: சத்தம்

எல்எம்386 என்ற எட்டுக்கால் ஐசி. 6-வது கால் பாசிட்டிவ், 4-வது கிரவுண்டு, 2-வதையும் கிரவுண்டில் போடுங்கள், 3-வது உள்ளே வரும் வழி, 5-வதிலிருந்து 220 மைக்ரோஃபாரட் வழியாக 8 ஓம் ஸ்பீக்கருக்கு. இப்படியே விட்டால் 20 மடங்கு பெருக்கும், 1-க்கும் 8-க்கும் நடுவில் 10 மைக்ரோஃபாரட் (பிளஸ் 1-வது காலில்) வைத்தால் 200 மடங்கு. 5-வது காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 ஓமும் 0.047 மைக்ரோஃபாரட்டும் தொடராக வைப்பதைச் சிலர் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் ஐசி ஊளையிடுகிறது என்று புலம்புகிறார்கள். சப்ளை 9 வோல்ட். யூபிஎஸ்ஸில் வரும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியிலிருந்து எடுப்பதானால் நடுவில் ஒரு 7809 (9 வோல்ட் ரெகுலேட்டர்) வைத்துக்கொள்ளுங்கள், முழு சார்ஜில் பேட்டரி 13 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பேட்டரியின் பிளஸ் முனையிலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

3-வது காலை ஸ்க்ரூடிரைவரால் தொட்டு, அதன் உலோகத்தில் விரலை வையுங்கள். ம்ம்ம் என்று ஒரு ரீங்காரம் வரும். அது உங்கள் வீட்டு வயரிங்கிலிருந்து உங்கள் உடம்பு பிடிக்கிற 50 ஹெர்ட்ஸ். அது கேட்டால் அடுத்த படி.

படி இரண்டு: ரிசீவர்

மத்திய அலையில் ஒரு கிரிஸ்டல் செட் கட்டுவது பால்வாடி வகுப்பு, ஒரு காயில், ஒரு கேங் கண்டன்சர் (திருகி ஸ்டேஷன் மாற்றுவது), ஒரு ஜெர்மானியம் டயோடு. உள்ளூர் நிலையம் கேட்டுவிட்டால் அதோடு விடுங்கள். இருவழிப் பேச்சு கற்க டைரக்ட் கன்வர்ஷன் ரிசீவர்தான் சரி. தத்துவம் எளிது: ஆன்டெனாவில் 7.100 மெகாஹெர்ட்ஸில் ஒருவர் எஸ்எஸ்பியில் பேசுகிறார், நீங்கள் உள்ளே அதே 7.100-ல் ஒரு ஆசிலேட்டர் ஓட்டி இரண்டையும் ஒரு மிக்சரில் கலக்கிறீர்கள், வித்தியாசம் வெளியே வருகிறது, அந்த வித்தியாசம்தான் அவருடைய குரல். மிக்சருக்கு எஸ்ஏ612 என்ற ஐசி வசதியானது, 1 உள்ளே, 4 வெளியே, 6-ம் 7-ம் ஆசிலேட்டர், 8 பாசிட்டிவ், 3 கிரவுண்டு. 8 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, 78எல்05 வைத்து 5 வோல்ட் கொடுங்கள். ஐசி கிடைக்காவிட்டால் இரண்டு 1என்4148 டயோடும் ஒரு சின்ன டொராய்டு டிரான்ஸ்ஃபார்மரும் வைத்தே மிக்சர் கட்டலாம், பழைய சிஎஃப்எல் பல்பை உடைத்தால் உள்ளே ஒரு ஃபெரைட் வளையம் இருக்கும், அது இதற்கு ஆகும்.

ஆசிலேட்டர்தான் பொறுமையைச் சோதிக்கும். டியூன் செய்து வைத்த குரல் கொஞ்சம் கொஞ்சமாக வாத்துக் குரலாக மாறும், அதிர்வெண் நழுவுகிறது என்று அர்த்தம். சீலிங் ஃபேன் போட்டால் ஒரு பக்கம் நழுவும், நிறுத்தினால் இன்னொரு பக்கம். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்தி உட்கார முடியுமா? ஆசிலேட்டரை மட்டும் தனியாக ஒரு தகர டப்பாவில் அடைத்து, காயில் மேல் கொஞ்சம் மெழுகு விட்டு அசையாமல் வைத்து, செட்டைப் போட்டு கால் மணி நேரம் சூடேற விட்டுப் பிறகு கேளுங்கள். இதெல்லாம் வேண்டாம் என்றால் எஸ்ஐ5351 என்ற சிந்தசைசர் போர்டை ஒரு ஆர்டுயினோவோடு (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) கட்டிவிடலாம், பாறை மாதிரி நிற்கும். முதல் செட்டில் கையால் சுற்றியதையே வையுங்கள் என்பது என் யோசனை.

பத்து மீட்டர் வயரை மாடியில் இழுத்துக் கட்டி, காலை நேரத்தில் 7.0 முதல் 7.2 வரை மெதுவாகத் திருப்புங்கள். சென்னை, கோவை, பெங்களூரு என்று பகலில் சில நூறு கிலோமீட்டர் இந்த பேண்டுக்குச் சாதாரணம், அலை மேலே அயனமண்டலத்துக்குப் போய் திரும்பி வருகிறது. தமிழிலேயே நலம் விசாரிப்பதும் காதில் விழும். எல்இடி பல்பும் போன் சார்ஜரும் கரகரவென்று சத்தம் போட்டால் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து எது என்று பிடியுங்கள். பெரும்பாலும் மலிவான சார்ஜர்தான்.

நடுவில் ஒரு நிறுத்தம்: லைசென்ஸ்

பேசுவதற்கு அனுமதி வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி (வயர்லெஸ் பிளானிங் அண்ட் கோஆர்டினேஷன்) பிரிவு அமெச்சூர் ரேடியோ தேர்வு நடத்துகிறது, 12 வயது ஆனால் எழுதலாம், விண்ணப்பம் சரள் சஞ்சார் இணையதளத்தில். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலை. இரண்டிலும் ரேடியோ தத்துவமும் விதிமுறைகளும் உண்டு, ஜெனரலுக்குக் கூடுதலாக மோர்ஸ், நிமிடத்துக்கு 8 சொல். கட்டணமும் விதிகளும் மாறக்கூடியவை, அந்தத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் கிடைத்தால் விக்டர் யூனிஃபார்ம் (வி, யூ என்ற எழுத்துகள்) என்று தொடங்கும் ஒரு கால் சைன், அதாவது ரேடியோவில் உங்கள் பெயர், வரும், ரெஸ்ட்ரிக்டட் என்றால் அடுத்து 3, ஜெனரல் என்றால் 2. ராஜீவ் காந்திகூட ஒரு ஹாம்தான், அவருடையது விக்டர் யூனிஃபார்ம் 2 ரோமியோ கோல்ஃப்.

ஹாம் லைசென்ஸ் பொழுதுபோக்குக்கும் சோதனைக்கும்தான், கடை வியாபாரம் பேச முடியாது. அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் தன்னார்வலர்களுக்கோ மண்டபத்தில் சமையல்காரருக்கும் பந்திக்கும் நடுவிலோ பேசத்தான் வேண்டும் என்றால் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள குறைந்த சக்தி செட்கள் 2018 விதிப்படி லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். வாங்கும்போது அதிர்வெண் என்ன, இடிஏ (எக்விப்மென்ட் டைப் அப்ரூவல்) ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லா அதிர்வெண்ணிலும் பேசும் என்று பெருமையாகப் போட்டு விற்கும் செட் உங்களைச் சிக்கலில்தான் மாட்டிவிடும். அப்படி அதிர்வெண்ணும் ஒப்புதலும் சொல்லாமல் விற்ற ஆன்லைன் தளங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் நோட்டீஸ் அனுப்பியது.

படி மூன்று: பேசுகிற பக்கம்

லைசென்ஸ் வந்தபின் கட்டுவதற்கு நம் நாட்டிலேயே பிறந்த ஒரு சர்க்யூட் இருக்கிறது, பிட்எக்ஸ். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்தது, உலகம் முழுக்கக் கட்டுகிறார்கள். டொராய்டு கிடைக்காதவர்களுக்காக முதல் வடிவத்தில் காயில்களைத் தண்ணீர்க் குழாய் வாஷரில் சுற்றியிருந்தார் என்பதுதான் எனக்கு அதில் ரொம்பப் பிடித்த விஷயம். சாமர்த்தியம் எங்கே என்றால், அதே ஃபில்டரும் அதே ஆம்ப்ளிஃபயர்களும் கேட்கும்போது ஒரு திசையிலும் பேசும்போது எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்களை வைத்து ஃபில்டர், 4.2 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர், இரண்டையும் கூட்டினால் 14.2, அதாவது 20 மீட்டர் பேண்ட். கிரிஸ்டல் நாலு வேண்டும் என்றால் பத்து வாங்கி, அதிர்வெண் ஒன்றுக்கொன்று நெருக்கமான நாலைப் பொறுக்குங்கள்.

மைக் எலக்ட்ரெட் வகை, அதற்குச் சில கிலோ ஓம் வழியாக வோல்ட்டேஜ் கொடுத்தால்தான் பேசும். கடைசி நிலையில் ஐஆர்எஃப்510 என்ற பவர் டிரான்சிஸ்டர். அதன் முதுகு டிரெயின் என்ற காலோடு இணைந்தது, ஹீட்சிங்கில் நேராக முடுக்கினால் ஷார்ட், நடுவில் மைக்கா வையுங்கள். ஆன்டெனாவுக்கு முன் லோ பாஸ் ஃபில்டர் (மேல் அதிர்வெண்களைத் தடுப்பது) இல்லாமல் ஒரு நொடிகூட ஆன் செய்யக் கூடாது. 7.1-ல் பேசினால் அதன் இரட்டிப்பு 14.2-லும் நீங்கள் இருப்பீர்கள், அங்கே பேசுபவர் உங்களைச் சும்மா விடமாட்டார்.

முதல் சோதனை ஆன்டெனாவில் வேண்டாம். 1 கிலோ ஓம், 1 வாட் கார்பன் ரெசிஸ்டர் இருபதைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை வாங்கிக்கொள்வது) ஆயிற்று. வயர்வௌண்டு ஆகாது, அது தானே ஒரு காயில்.

படி நான்கு: ஆன்டெனா, இங்கேதான் ஆட்டம்

பணம் இருக்கிறதா, வாட்ஸில் போடாதீர்கள். சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினால் எதிராளிக்குக் கூடுவது 3 டெசிபெல், அவர் சிக்னல் மீட்டரில் அரை எஸ் யூனிட் (அந்த மீட்டரின் ஒரு படி), காதுக்குப் பெரும்பாலும் தெரியவே தெரியாது. உயரத்தைக் கூட்டினால் கதையே வேறு. இரண்டு மீட்டர் பேண்டுக்கு, அதாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸுக்கு, பார்வைத் தூரம்தான் கணக்கு: ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். தோள் உயரம் 1.5 மீட்டரில் 5 கிலோமீட்டர், மூன்று மாடி மொட்டை மாடியில் 12 மீட்டரில் 14. கொடைக்கானலில் இருந்து வரும் 100.5 எஃப்எம் சமவெளி மாவட்டங்களில் அவ்வளவு தூரம் கேட்பது எப்படி என்பதற்கு இதே கணக்குத்தான் விடை, சுமார் 2100 மீட்டர் உயரத்துக்குப் போட்டுப் பாருங்கள். மறுபக்கம், யானைமலைக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அடிவாரத்தில் அந்தப் பக்கம் ஒருவரும் நின்றால் 5 வாட் செட்டும் அநேகமாக ஊமை, அவ்வளவு பெரிய ஒற்றைப் பாறை. இருவரில் ஒருவர் கொஞ்சம் தள்ளிப் போய் மலையின் விளிம்பைத் தாண்டி நின்றால் குரல் வந்துவிடும்.

145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை ஆன்டெனா 49 சென்டிமீட்டர் கம்பி ஒன்று நேராக, அதே நீளத்தில் நாலு கம்பி கீழே சாய்வாக. பித்தளைக் கம்பியே ஆகும். 40 மீட்டர் டைபோலுக்கு (நடுவில் கேபிள் இணைத்து இரண்டு பக்கமும் இழுக்கும் வயர் ஆன்டெனா) 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுங்கள்: 7.1-க்கு மொத்தம் 20 மீட்டர், பக்கத்துக்குப் பத்து. கொஞ்சம் நீளமாகவே வெட்டி, எஸ்டபிள்யூஆர் மீட்டரை (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டுவது) பார்த்துக்கொண்டே குறைத்து வாருங்கள். 1.5-க்குள் வந்தால் நிறுத்திவிடலாம், 3-க்கு மேல் காட்டினால் பேசாதீர்கள், டிரான்சிஸ்டர் போய்விடும். கேபிள் 50 ஓம். கேபிள் டிவி கேபிள் 75 ஓம், வேறு. ஆர்ஜி-58 கேபிளை 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டர் ஓட்டினால் ஏறக்குறைய முக்கால் பங்கு சக்தி கேபிளிலேயே சூடாகிப் போகிறது, அதனால் செட்டை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

ஈபி லைன் பக்கம் எந்த வயரையும் இழுக்காதீர்கள், ஆன்டெனா அறுந்து விழுந்தாலும் லைன் மேல் படாத தூரம் வேண்டும். ஐப்பசி இடி நேரத்தில் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

படி ஐந்து: பேசுவது

முதலில் கேளுங்கள், அலைவரிசை காலியா என்று. பிறகு பிடிடியை அமுக்கி அரை நொடி விட்டுப் பேசுங்கள், உடனே பேசினால் முதல் எழுத்து வெட்டுப்படும். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் பிடித்து, சாதாரணக் குரலில். கத்தினால் தெளிவு கூடாது, உடைந்துதான் போகும். எதிராளி கால் சைனை முதலில், உங்களுடையதைப் பிறகு, எழுத்து ஒவ்வொன்றாக: ஆல்ஃபா, பிராவோ, சார்லி. பேசி முடித்ததும் ஓவர், பட்டனை விடுங்கள், அவரும் உடனே அமுக்காமல் ஒரு மூச்சு விடட்டும், அந்த இடைவெளியில்தான் அவசரமாக ஒருவர் குறுக்கே வர முடியும். ரிப்பீட்டர் வழியாக என்றால் நீங்கள் அனுப்புவதும் கேட்பதும் வேறு வேறு அதிர்வெண், இரண்டு மீட்டரில் வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம், கூடவே காதுக்குக் கேட்காத ஒரு டோனும் கேட்கலாம். செட்டில் அதைப் போடாமல் யாரும் பதில் சொல்லவில்லை என்று வருத்தப்படுபவர்கள் நிறைய.

சிக்னல் எப்படி என்று கேட்பார்கள். 59 என்றால் தெளிவும் பலமும் முழுசு. எல்லாருக்கும் 59 கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, உண்மையைச் சொன்னால்தான் அவர் தன் ஆன்டெனாவைச் சரி செய்வார். விடைபெறும்போது 73, அதாவது நல்வாழ்த்துகள்.

லாக் புத்தகத்தில் தேதி, நேரம், அதிர்வெண், கால் சைன், ரிப்போர்ட் எழுதுங்கள். நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்), நம் நேரத்தில் ஐந்தரை மணி கழிக்க வேண்டும்: இரவு 9 மணிக்குப் பேசினால் 15:30. விடியற்காலை ஐந்தரைக்கு முன் பேசியிருந்தால் தேதியும் முந்தின நாளாக எழுத வேண்டும், புதிதாக வருபவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.